அப்பா விழுங்கிய அரை மணி நேரம்

கனகராஜ் இருபத்தாறு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்தது என்னை விசாரிக்க அல்ல, அப்பாவின் கம்ப்யூட்டரை விசாரிக்க.

"சார் இன்னும் பொருத்தம் பாக்குறாரா?" என்றான்.

குரல் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் "யாரு பேசறது?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"கனகராஜ். புந்தோங்." தன் ஊரையும் சேர்த்தே சொன்னான். "மாதுமைதானே?"

"ஆமா."

"எப்படி இருக்கீங்க? மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கு. துளசின்னு பேரு. பையன் தனேஷ், நல்ல பையன் லா, தைப்பிங்ல வேலை. கோயில் ஐயர் பாத்துச் சொன்னதே போதும்னு வீட்ல சொல்றாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. சார் கம்ப்யூட்டர்ல ஒரு தடவ பாத்துட்டா நிம்மதியா இருக்கும்."

போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எந்தக் கம்ப்யூட்டர் என்னையும் இவனையும் பிரித்ததோ, அதிலேயே மகளுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டுமாம். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பேச்சில் ஒட்டும் மலேசிய 'லா' மாறவில்லை, என்னை மட்டும் 'நீங்க'வாம். ஒரு காலத்தில் என்னை 'நீ' என்று கூப்பிட்ட வாய்.

அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பஞ்சலிங்கம் என்றால் ஈப்போ யாழ்ப்பாணத் தமிழர்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிவிட்டது. பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது, சர்க்கரை நோயில் கண்ணும் பாதி போய்விட்டது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. சமையலறையில் நான் முணுமுணுத்தால்கூடக் கூடத்திலிருந்து பதில் வரும்.

"ஆர் பிள்ளை போனிலை?"

"கனகராஜ்."

"பொருத்தம் பாக்கவோ?"

"ஓம். அவன்ரை மகளுக்கு."

"அப்ப மெஷினைப் போடு" என்றார், ஏதோ மின்விசிறியைப் போடச் சொல்வதுபோல.

அப்பாவைப் பற்றி ஒரு கதை சொல்லாவிட்டால் இந்தக் கதை நடக்காது. எண்பத்திரண்டாம் ஆண்டு பிறக்கும்வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று அரசாங்கம் தீர்மானித்து, அந்தப் புத்தாண்டு இரவு பதினொன்றரை மணியைப் பன்னிரண்டு ஆக்கிவிட்டார்கள். ஈப்போ ஸ்டேஷனில் ஏணி போட்டு ஏறி, மணிக்கூட்டின் முள்ளைத் தள்ளி வைத்தவர் அப்பா. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்வார். "அண்டைக்கு அரை மணித்தியாலத்தை அப்பிடியே விழுங்கினவன் நான்" என்பார். அந்த வரி வருமுன்னே அம்மாவும் நானும் சமையலறைக்குத் தப்பிவிடுவோம். வந்தவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். டாஸ் காலத்துக் கம்ப்யூட்டர், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. யாரிடமும் போய்ப் படிக்காமல், புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே ஒரு மென்பொருள் எழுதினார். பிறந்த தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் நட்சத்திரம், ராசி எல்லாம் கணித்து, இரண்டு பேருக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்லும். டாஸுக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து உள்ளே ஏற்றினார். அவருடைய 'ஞ' கொஞ்சம் குடித்தவன்போல் சாய்ந்து நிற்கும். கடைசியில் சத்தம் ஒன்று வைத்தார். பொருந்தினால் மூன்று ஸ்வரம் ஏறிப்போகும். பத்தில் முக்கியமான ரஜ்ஜு தட்டினால் ஆட்டுக்கல் இழுப்பதுபோல் நீளமாக ஒரு உறுமல்.

ஊரே வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் வந்தார்கள், பிறகு ரப்பர் தோட்டத்துத் தமிழர்களும் வந்தார்கள். காசு வாங்கமாட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

அந்த மெஷினில் அப்பா முதன்முதலில் போட்டுப் பார்த்த சாதகம் என்னுடையது. நான் பிறந்தபோது கோயில் குருக்கள் கையால் கணித்து எழுதியது புனர்பூசம். மெஷின் திருவாதிரை என்றது. "ஐயர் கண்ணாடி போடாமல் எழுதிப்போட்டார்" என்று அப்பா ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார். அன்றிலிருந்து நான் திருவாதிரை. அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் நட்சத்திரம் கேட்டால், அப்பா வாயைத் திறக்குமுன்பே "மாதுமை, புனர்பூசம்" என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் சண்டை நடக்கும்.

"மெஷின் பொய் சொல்லாது, தவமணி."

"பிள்ளையைப் பெத்தது மெஷின் இல்லை, நான்."

அம்மா இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு என் பெயருக்கு அர்ச்சனை செய்ய ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கனகராஜை நான் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சந்தித்தேன். அவன் பிறந்த ரப்பர் தோட்டத்தை அப்போதே துண்டு போட்டு வீடு கட்ட விற்றுவிட்டார்கள். குடும்பம் புந்தோங்குக்கு வந்து ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தது. என்னைச் சிரிக்க வைப்பான், மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிக் காட்டுவான். இரண்டு வருடம் பழகினோம். எனக்கு அவனை உயிராகப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை.

கட்டிக்கொள்வதாக வீட்டில் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. "சாதகத்தைக் கொண்டு வரச்சொல்லு" என்றார். கனகராஜிடம் சாதகம் கிடையாது. அவன் அம்மா ராக்காயிக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குச் சங்கு ஊதியபோது பிள்ளை பிறந்தான் என்பதுதான். அப்பா அந்த நேரத்தையே போட்டார். நான் வேலைக்குப் போயிருந்த பகல் பொழுதில், தன் அறையில் தனியாக இருந்து பார்த்திருக்கிறார். சாயந்தரம் நான் வந்ததும் சொன்னார்.

"கழுத்து ரஜ்ஜு, பிள்ளை. ரெண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜு. செய்யேலாது."

கழுத்து ரஜ்ஜு தட்டினால் மனைவி உயிரோடு இருக்கமாட்டாள் என்பார்கள். நான் சிரித்தேன். அந்த வாரமே கனகராஜ் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் என்னை உட்காரவைத்து, கண்ணைப் பார்க்காமல், "வேணாம் லா, விட்டுடலாம்" என்றான். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. ஒரு வருடத்தில் புஷ்பலதா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, "தோட்டத்துப் பொடியனிட்டை இருந்து தப்பினாய், கெட்டிக்காரி" என்றார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். ரஜ்ஜுவும் இல்லை, ஒன்றும் இல்லை. தோட்டத்துச் சம்பந்தம் வேண்டாம், அதை வாயால் சொல்ல வெட்கம், அதனால் மெஷின் தலையில் போட்டுவிட்டார். கனகராஜையும் மிரட்டியிருக்கிறார், அந்தக் கோழையும் பயந்து ஓடிவிட்டான்.

அதற்குப் பிறகு அப்பா கொண்டுவந்த வரன்களை எல்லாம் நான் பார்க்கக்கூட மறுத்தேன். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் கோபமாக இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சமைத்துப் போட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதோடு கோபமாகவும் இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் செய்தேன். மெஷினைத் திறந்து நானே போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பொய் என்று எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியுமே.

கனகராஜ் போன் செய்த பிறகுதான் அந்த ஆசை வந்தது. ஓட வைத்து, என்னையும் அவனையும் போட்டு, ஏறிப்போகும் அந்த மூன்று ஸ்வரத்தை அப்பாவின் காதில் விழ வைக்க வேண்டும். கேளுங்கள் அப்பா, நீங்கள் சொன்ன பொய் இதுதான் என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை அப்பாவின் அறைக்குப் போய் மெஷினின் சுவிட்சைப் போட்டேன். பின்பக்கத்திலிருந்து டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அத்தோடு சரி. பரவாயில்லை, என் தொழிலே அதுதான். ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியின் சர்வர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் லினக்ஸ் இயங்குதளம், என் லேப்டாப்பும் அதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தூசி துடைத்து, ஒரு யூஎஸ்பி இணைப்பான் வழியாக என் லேப்டாப்பில் மாட்டினேன். கிர்ர் என்று முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. முழுவதையும் அப்படியே பிரதி எடுத்தேன்.

லேப்டாப்பில் டாஸ் எமுலேட்டர் ஒன்று இருந்தது. புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல நடிப்பதுதான் அதன் வேலை. பழைய மென்பொருள் தன் காலத்தில்தான் இன்னும் இருக்கிறோம் என்று நம்பி ஓடும். அப்பாவின் மென்பொருளும் நம்பியது. முதல் தடவை திரையெல்லாம் கட்டமும் கோடுமாக வந்தது. அப்பா வரைந்த எழுத்துகளை முதலில் ஏற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். ஏற்றியதும் தமிழ் வந்தது. சாய்ந்து நின்ற அந்த 'ஞ'வைப் பார்த்ததும், எவ்வளவு கோபத்தில் இருந்தும் எனக்கு அழுகை வரப் பார்த்தது.

இரண்டாவது தடவை வேகம் பிடிபடவில்லை. இந்தக் காலத்து வேகத்தில், திறக்குமுன்பே மூடிக்கொண்டது. எமுலேட்டரின் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, பழைய மெஷின் மூச்சு வாங்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு என் பெயரையும் பிறந்த நேரத்தையும் அடித்தேன். கீழே கனகராஜின் பெயரும் பெரட்டுச் சங்கு ஊதும் நேரமும். எனக்கு அது மறக்கவில்லை.

என்டரைத் தட்டினேன்.

ஆட்டுக்கல் இழுப்பதுபோல் நீளமாக ஒரு உறுமல். திரையில் கழுத்து ரஜ்ஜு என்று எழுதியிருந்தது. பெண் திருவாதிரை, ஆண் சுவாதி, இரண்டும் ஒரே ரஜ்ஜு. பொருந்தாது.

"ஆருக்கோ ரஜ்ஜு தட்டுது" என்றார் அப்பா கூடத்திலிருந்து.

அப்பா பொய் சொல்லவில்லை. மெஷின் சொன்னதைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். அத்தனை வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். இத்தனை நாள் வெறுத்தது வீண் என்றால், என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

தோற்க மனமில்லாதவள் நான். எமுலேட்டர்தான் தப்பு செய்கிறது என்று முடிவு கட்டினேன். நடிப்பது நடிப்புத்தான், கணக்கில் எங்காவது பிசகியிருக்கும். ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்க்கத் தொடங்கினேன். அப்பாவின் மென்பொருள் முதலில் பிறந்த நேரத்தைக் கிரீன்விச் நேரமாக மாற்றி, அதைத் திரையில் ஒரு ஓரத்தில் காட்டும். அதே கணக்கை லினக்ஸிடம் தனியாகக் கேட்டேன். உலகத்தில் எந்த ஊர் எந்த நாளில் கடிகாரத்தை மாற்றி வைத்தது என்ற விவரமெல்லாம் லினக்ஸுக்குள் இருக்கும்.

இரண்டு விடைக்கும் அரை மணி நேரம் வித்தியாசம்.

மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே அரை மணி நேரம். எமுலேட்டரை நிறுத்திவிட்டு, அப்பா எழுதிய வரிகளைத் திறந்து படித்தேன். எமுலேட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்பா எல்லாப் பிறந்த நேரத்திலிருந்தும் எட்டு மணி நேரம் கழித்திருந்தார். இன்றைய மலேசியாவுக்கு அது சரி. நான் பிறந்த எழுபத்து நாலில் ஏழரை மணி நேரம்தான் கழிக்க வேண்டும்.

ஏணி போட்டு ஏறி முள்ளைத் தள்ளி வைத்த மனிதர். வருடா வருடம் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிக் காதைத் துளைத்த மனிதர். தன் கையால் தள்ளிய அந்த அரை மணியைத் தன் கணக்கில் மறந்துவிட்டார்.

எல்லாருக்கும் இதனால் பிழை வந்திருக்காது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதில் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. ராக்காயி அம்மாவின் சங்கு நேரம்கூட, குத்துமதிப்பாக இருந்தாலும், சுவாதியின் நட்டநடுவில் பத்திரமாக இருந்தது. ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பில் பிறந்தவர்களுக்குத்தான் ஆபத்து. நான் விளிம்பில் பிறந்திருந்தேன்.

ஒன்றைச் செய்து பார்க்காமல் எழுந்திருக்க முடியவில்லை. என் பிறந்த நேரத்தை அரை மணி தள்ளி அடித்தேன். இப்போது கணக்கு நேராகிவிடும். என்டரைத் தட்டினேன்.

பெண் புனர்பூசம், ஆண் சுவாதி. ரஜ்ஜு இல்லை. மூன்று ஸ்வரம் ஏறிப்போயிற்று.

குருக்கள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். அம்மா கோயிலில் சொன்னதுதான் சரி. நான் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.

எழுந்து கூடத்துக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லிவிடத்தான் போனேன். நீங்கள் விழுங்கியது அரை மணி நேரம் இல்லை அப்பா, என்னை என்று சொல்லப் போனேன். அப்பா முகத்தை என் பக்கம் திருப்பினார். பார்வை என் மேல் படாமல் கொஞ்சம் தள்ளி, சுவரில் போய் நின்றது.

"இப்ப ஆருக்கோ பொருந்திட்டுது போல?"

"ஓம் அப்பா."

"ஆரெண்டாலும் அவை நல்லா இருக்கட்டும்" என்றார். நன்றாக இருக்கிற வலது கையை லேசாகத் தூக்கினார். அந்தச் சத்தம் கேட்டால் எதிரே இருப்பவர்களை வாழ்த்துவது அவருடைய பழைய பழக்கம். பிறகு, "நல்லா ஓடுதோ பிள்ளை? பிழை ஒண்டும் இல்லையே?" என்றார்.

"நல்லா ஓடுது" என்றேன். "பிழை ஒண்டும் இல்லை."

அவருக்கு இனி எத்தனை நாள் இருக்கிறதோ. பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். பிழை விட்ட ஒரு கிழவரை என்ன செய்வது? ஆனால் கனகராஜிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இது என் ஒருத்தியின் நஷ்டம் இல்லை. எனக்குப் பங்காளி ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் தெரியட்டும், அவனும் ஒரு நாள் உட்கார்ந்து அழட்டும். இந்தப் பாரத்தை நான் மட்டும் எதற்குச் சுமக்க வேண்டும்?

மறுநாள் மத்தியானம் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது. தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறானாம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் காலைத் தொட்டான்.

"ஆர், கனகராஜோ? இரு தம்பி. அம்மா எப்பிடி?"

"அம்மா தவறிட்டாங்க சார். கோவிட்டுக்கு முன்னாடியே."

"அடடா" என்று அப்பா தலையை ஆட்டினார். "பிள்ளை, தம்பிக்குத் தேத்தண்ணி குடு."

லேப்டாப்பைக் கூடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். துளசி இரண்டாயிரத்தில் பிறந்தவள், தனேஷ் அதற்கு இரண்டு வருடம் முன்னால். அவர்களுக்கு எட்டு மணி நேரம் கழிப்பதுதான் சரி. அப்பாவின் கணக்கு அந்தப் பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. அடித்து முடித்து என்டரைத் தட்டும்போது கனகராஜ் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மூன்று ஸ்வரம் ஏறியது.

"நல்ல பொருத்தம்" என்றார் அப்பா, திரையைப் பார்க்காமலேயே. கையைத் தூக்கி வாழ்த்தினார். கனகராஜ் கைக்குட்டையை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டான்.

அவனை வழியனுப்ப நான் வெளியே வந்தேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே அவன் கார் நின்றது. சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தேன்.

"கனகு" என்றேன். அந்தப் பெயர் தானாக வாயில் வந்துவிட்டது. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றான். "நான் சொல்லிடறேன், இல்லாட்டி தைரியம் போயிரும். அன்னிக்கு காரணம் கேட்டீங்க. நான் சொல்லல."

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லணும் லா. அன்னிக்கு சார் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சாரு. தம்பி, நான் ஊரும் பாக்கல, தோட்டமும் பாக்கல, உன்ன எனக்குப் புடிச்சிருக்கு, ஆனா கழுத்து ரஜ்ஜு, கட்டினா எம்மவ இருக்கமாட்டான்னாரு. சொல்றப்ப அவர் கண்ணுல தண்ணி. எங்க பெரியக்கா பொருத்தம் பாக்காமத்தானே கட்டிக்கிச்சு. தலப்பிரசவத்துலயே போயிருச்சு. உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அவன் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? செத்தா செத்துட்டுப் போறேன்னு சொல்லியிருப்பீங்க."

ஆமாம். அதைத்தான் சொல்லியிருப்பேன், அதே வார்த்தையில்.

"அதான் சொல்லல" என்றான். "கோழைன்னு நெனைச்சாலும் பரவால்லன்னு விட்டுட்டேன். புஷ்பாவுக்கும் எல்லாம் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டா. வருசா வருசம் கோயில்ல உங்க பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிருவேன். எங்கயாவது டவுன்ல உங்கள தூரத்துல பாப்பேன், பேச மாட்டேன். ஆளு நல்லா இருக்குல்ல, நடந்து போவுதுல்ல, அது போதும்னு வந்துருவேன். இப்பக்கூட பாருங்க, உயிரோட முன்னாடி நிக்கிறீங்க. நான் அன்னிக்குச் செஞ்சது வீண் போகல."

அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம். உண்மையான சந்தோஷம். என்னை இழந்ததற்குப் பதிலாக என் உயிர் அவனுக்குக் கிடைத்திருந்தது. இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறான்.

"நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "துளசி கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடு. அதான்."

"கூப்பிடாம?" என்று சிரித்தான். கார் கதவைத் திறந்தவன் திரும்பினான். "ஒண்ணு கேக்கணும். உங்க நட்சத்திரம் திருவாதிரைதானே? ஐயர் கேக்குறப்பல்லாம் உள்ளுக்குள்ள ஒரு பயம், தப்பா சொல்லிக்கிட்டு இருக்கேனோன்னு."

வீட்டுக்குள் அப்பா இருமும் சத்தம் கேட்டது.

"திருவாதிரைதான்" என்றேன்.

"மறக்கல பாத்தியா" என்றான்.

போனில் பேசிய நாளிலிருந்து 'நீங்க' என்றே சொல்லிவந்தவன், அப்போதுதான் 'பாத்தியா' என்று 'நீ'க்கு வந்தான். கார் போன பிறகு கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகிவிட்டது.